கழிவு வாயுவும் காற்றும்: டர்போ சார்ஜரின் இயக்கமும் பேணலும்

இயந்திரம் பற்றிய அறிவு நம் சமூகத்தில் இரு கூறாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒரு கூறு பிறமொழிக் கைந்நூல்களில் அச்சேறியுள்ளது. மற்றையது கராஜ்களில், எண்ணெய் படிந்த கைகளிலும் வாய்மொழியிலும் வாழ்கின்றது. முன்னதைப் படிக்க வல்லோருட் பலர் ஒரு திருகாணியையேனும் கழற்றி அறியார்; பின்னதை உடையோர் தாம் அறிந்ததை எழுத்தில் வடிக்கும் வாய்ப்பைப் பெற்றிலர். மருத்துவத்தைப் பொறுத்தவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழிற் கற்பித்தும் நூல்களை ஆக்குவித்தும் ஒரு வழியைத் திறந்தார். வாகனத் திருத்துநரின் அறிவுக்கு அத்தகைய மதிப்பு கிட்டியதாகக் கூறமுடியாது. இலக்கிய ஆய்வுகளுக்குப் பழகிய இவ்விதழின் பக்கங்களில் டர்போ சார்ஜர் என்னும் கருவியைப் பற்றி நாம் எழுத முற்படுவதற்கு இது ஒரு காரணம்.

பிறிதொரு காரணம் நடைமுறை சார்ந்தது. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இன் தொடக்கத்திலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளிலும், 2022இன் எரிபொருள் நெருக்கடியினூடாகவும், நாட்டில் ஏற்கெனவே இருந்த பஸ்களும் வான்களும் லொறிகளுமே ஓடவேண்டியிருந்தன. அவற்றுட் பல டர்போ பூட்டிய டீசல் வாகனங்கள். பழுதடைந்த டர்போவை மாற்றும் செலவு, ஒற்றை வான் வைத்துப் பிழைக்கும் ஒருவரைக் கடனாளியாக்கப் போதுமானது. அவ்வாறு மாற்றியதும் சில வாரங்களில் மீண்டும் பழுதடைவதும், பழி சாரதியின் தலையில் விழுவதும் கராஜ் வட்டாரங்களிற் கேட்டுப் பழகிய கதை. அக்கதையின் உட்காரணத்தை விளக்குவதே நமது நோக்கம். டர்போவைத் தனித்து நிற்கும் ஒரு பொருளாக நோக்கும்வரை அக்காரணம் புலப்படாது என்பது நமது துணிபு.

எஞ்சினின் வலுவை வரையறுப்பது எது? எரிபொருள் என்பதே பொது எண்ணம். அது பாதி உண்மையே. ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். திணிவின்படி கூறின், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்துதல் எளிது. ஆனால் உருளையின் கனவளவு மாறாதது. அதனுள் இறங்கும் ஆடுதண்டு தன்னால் இயன்றளவு காற்றையே உள்ளிழுக்கும். காற்று போதாதவிடத்து மிகையான எரிபொருள் கரும்புகையாக வெளியேறுமேயன்றி வலுவாக மாறாது. ஆகவே கூடுதல் வலு வேண்டின் இரு வழிகளே உள. ஒன்று, எஞ்சினைப் பெரிதாக்குதல், அன்றி விரைவாகச் சுழற்றுதல். மற்றையது, அதே உருளையினுள் நெருக்கிய காற்றைத் திணித்தல்.

காற்றை நெருக்குவதற்கு வலு வேண்டும். அதனை எஞ்சினிடமிருந்தே பட்டியோ பற்சில்லோ கொண்டு பெறலாம். அவ்வகைக் கருவிகளும் உள. டர்போவின் சிறப்பு, அவ்வலுவை அது எங்கிருந்து பெறுகின்றது என்பதில் அடங்கியுள்ளது. எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சில்லுகளைச் சுழற்றும் வேலையாகின்றது. இன்னொரு பங்கு குளிர்நீரின் வழியே போகின்றது. எஞ்சிய மூன்றிலொன்று, சூடான வாயுவாகப் புகைக்குழாயினூடே வானத்திற் கலக்கின்றது. பெற்றோல் எஞ்சினில் இவ்வாயுவின் வெப்பநிலை கடும் பாரத்தின்போது 900 பாகை செல்சியசையும் தாண்டும். டீசலில் அதனினும் குறைவு. வீணே போகும் இவ்வாயுவின் வழியில் ஒரு சுழலியை வைத்து, அச்சுழலியின் தண்டினது மறுமுனையில் ஓர் அமுக்கியைப் பூட்டினால், கழிவே காற்றை நெருக்கித் தரும். டர்போ சார்ஜர் என்பது சாரத்தில் இவ்வளவே. மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளை மீளப் பயன்படுத்துதல் பற்றித் தனியொரு பகுதி எழுதியுள்ளமை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. கழிவு என்பது பொருளின் இயல்பன்று, உற்பத்திமுறையின் ஒரு கட்டத்தில் அது பெறும் பெயர் என்பதற்குப் புகைக்குழாய் வாயுவினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

கருவியின் அமைப்பைச் சற்று நெருங்கி நோக்குவோம். நத்தை ஓட்டின் வடிவுடைய இரு கூடுகள். இடையே ஒரு நடுவுடல். ஒரு கூட்டினுள் நிக்கல் கலப்புலோகத்தாலான சுழலிச் சில்லு. மற்றையதனுள் அலுமினிய அமுக்கிச் சில்லு. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு, விரலளவினும் தடிப்பற்றது, நடுவுடலினூடே செல்கின்றது. சிறு வாகனங்களில் இத்தண்டு நிமிடத்துக்கு 150,000 தடவை சுழல்வது வியப்பன்று. 200,000ஐத் தாண்டுவனவும் உள. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு 150,000 என்ற வேகத்திற் சுழலும்போது அதன் இதழ்நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 390 மீற்றர் செல்கின்றது. அது சாதாரண வெப்பநிலையிற் காற்றில் ஒலி செல்லும் வேகத்தினும் மிகை. இவ்வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில செக்கன்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே தண்டு பெயாரிங்கைத் தொடுவதில்லை. அது எண்ணெயில் மிதக்கின்றது. பெரும்பாலான டர்போக்களில் பெயாரிங் என்பது ஒரு சிறு வெண்கல வளையமே. அதன் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் எண்ணெய்ப் படலம் உண்டு. வளையமும் தண்டோடு சற்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகளில் அளக்கத்தக்கது. இப்படலமே டர்போவின் உயிர்நிலை. பின்னர் கூறவிருப்பன யாவும் இதிலிருந்து கிளைப்பனவே.

நெருக்கப்படும் காற்று சூடேறும். சூடேறிய காற்று விரிந்து மீண்டும் அடர்த்தி குன்றும். ஆதலால் அமுக்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே இன்டர்கூலர் என்னும் குளிரூட்டி வைக்கப்படுகின்றது. அமுக்கம் வரம்பு மீறாதிருக்க, வாயுவின் ஒரு பகுதியைச் சுழலியைத் தவிர்த்து வெளியேறவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவும் உண்டு. புதிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இக்கதவுக்குப் பதிலாக, சுழலியைச் சூழ்ந்த இதழ்கள் திரும்பி வாயுவின் வழியை ஒடுக்கவும் அகற்றவும் செய்கின்றன.

டர்போவின் பிறவிக் குறை ஒன்றுண்டு. வாயு மிகுந்தாலன்றிச் சுழலி விரையாது. சுழலி விரைந்தாலன்றிக் காற்று மிகாது. காற்று மிகுந்தாலன்றி வாயு மிகாது. இவ்வட்டம் வேகம் பிடிக்கும்வரை ஒரு தாமதம் நேர்கின்றது. 1975இல் கனடாவிலிருந்து நம் புகையிரதப் பகுதிக்கு வந்த எம் 4 வகை டீசல் எஞ்சின்கள் நிலையத்தை விட்டுப் புறப்படும்போது கக்கும் கரும்புகையைக் கண்டோர் இத்தாமதத்தைக் கண்ணாற் கண்டவராவர். எரிபொருள் முந்திவிட்டது, காற்று இன்னும் வந்து சேரவில்லை.

இக்கருவியின் வரலாறும் அவ்வாறான ஒரு தாமதத்தின் வரலாறே எனலாம். சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரிற் பிறந்த அல்ஃபிரட் பூக்கி என்னும் பொறியியலாளர் 1905இல் இதன் அடிப்படைக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயின் அது நடைமுறையிற் பயன்தர இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுப்பகுதியிலேயே ‘புரொய்சன்’, ‘ஹன்சஸ்டாட் டன்சிக்’ என்னும் இரு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் பத்து உருளை டீசல் எஞ்சின்கள் டர்போவின் துணையால் 1,750 பரிவலுவிலிருந்து 2,500 பரிவலுவுக்கு உயர்ந்தன. பூக்கியின் எண்ணத்திற் குறையிருந்ததாலா இத்தாமதம் நேர்ந்தது? அன்று. செங்கனலாய்ப் பாயும் வாயுவைத் தாங்கிச் சுழலவல்ல கலப்புலோகம் இல்லை. அத்துணை நுண்ணளவில் தண்டைக் கடையும் திறன் பரவலாக இல்லை. வெப்பத்திற் கருகாத எண்ணெயும் இல்லை. கண்டுபிடிப்புகளைத் தனிமனித மேதைமையின் கொடையாகக் கொண்டாடுவோர் இவ்விருபது ஆண்டுகளுக்கு விளக்கம் கூறுதல் கடினம். பூக்கியின் உழைப்பைக் குறைத்து மதிப்பதன்று நம் கருத்து. உலோக உருக்காலைகளிலும் கடைசற் பட்டறைகளிலும் பெயரறியாப் பலர் செய்த வேலை அவ்வெண்ணத்தை வந்தடையும்வரை அது காகிதத்திலேயே காத்திருந்தது என்பதே கூறவேண்டுவது.

இடையில் போர் குறுக்கிட்டது. விமானம் உயர ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைய, எஞ்சின் மூச்சிரைக்கத் தொடங்கும். முதலாம் உலகப்போரின்போது பிரான்சில் ஒகுஸ்த் ராத்தோவும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மொஸ்ஸும் இதற்கு விடை தேடினர். 1918இல் மொஸ், லிபேர்ட்டி விமான எஞ்சினொன்றை லொறியில் ஏற்றிக் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். அதன் உயரம் ஏறத்தாழ 4,300 மீற்றர். அங்கு காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைவு. கடல்மட்டத்தில் 350 பரிவலுவளவு தந்த எஞ்சின் உச்சியில் ஏறத்தாழ 230ஆகச் சோர்ந்தது. டர்போ பூட்டியதும் மீண்டும் 350ஐச் சற்றே விஞ்சியது. நம் நாட்டிலும் இதனைச் சிறிய அளவில் உணரலாம். ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல புகையிரத நிலையத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பினும் ஆறிலொரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய வான் நுவரெலியாப் பாதையில் திணறுவதற்குச் செங்குத்தான ஏற்றம் மட்டும் காரணமன்று.

கார்களுக்கு வருவோம். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்னும் டர்போ காரை விற்பனைக்கு விட்டது. நெருக்கிய பெற்றோல் கலவை உரிய நேரத்துக்கு முன் தானே வெடித்து எஞ்சினைச் சிதைக்காதிருக்க, காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியிலிருந்து சிறுகச் சிறுக உட்செலுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. தாங்கி வற்றினால் அமுக்கம் தானே குறைந்துவிடும், கார் சோர்ந்துபோகும். வாங்கியோருட் பலர் அத்தாங்கியை நிரப்புவதில் அக்கறை காட்டவில்லை. 1963உடன் உற்பத்தி நின்றது. பின்னர் டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேட்டரைப் பூட்டிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் நிறுவனமே செய்தது. வடிவமைப்பிற் தீர்க்கப்படாத ஒரு முரண்பாட்டைப் பயன்படுத்துவோரின் அன்றாடக் கடமையாக மாற்றினால் என்ன நேரும் என்பதற்கு இது பாடநூல் உதாரணம்.

இனிப் பேணலுக்கு வருவோம். டர்போவுக்குத் தனக்கென்று எண்ணெய் இல்லை, காற்று இல்லை, வலு இல்லை. மூன்றையும் எஞ்சினிடமே பெறுகின்றது. ஆகவே அது தன் குறையால் இறப்பது மிக அருமை. பெரும்பாலும் எண்ணெய் வராமையால், அழுக்கான எண்ணெயால், அல்லது அந்நியப் பொருளொன்று இதழில் மோதுவதால் இறக்கின்றது. உடைந்த டர்போ நோயன்று, நோய்க்குறியே. காரணத்தைத் தேடாது புதியதைப் பூட்டுவோர் அதே சாவுக்கு இன்னொரு உடலை அனுப்புகின்றனர்.

எஞ்சினின் ஏனைய உறுப்புகள் பழைய எண்ணெயை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நூறிலொரு மில்லிமீற்றர்ப் படலத்தில் மிதக்கும் தண்டு பொறுக்காது. கைந்நூல் குறிக்கும் தரத்திலான எண்ணெயைக் குறித்த தவணைக்குள் மாற்றுதலும், கூடவே வடிகட்டியை மாற்றுதலும் சிக்கனம் பார்க்கும் இடங்களல்ல. டர்போவுக்கு எண்ணெய் செல்லும் குழாய் மெல்லியது; கருகிய எண்ணெயின் காபன் துணுக்குகள் முதலில் அடைப்பது அதனையே. காலையில் எஞ்சினை இயக்கியவுடன் எண்ணெய் டர்போவை எட்டச் சில செக்கன்கள் செல்லும். அதற்குள் அக்சிலேற்றரை அழுத்தி உறுமவிடுதல் தண்டை வறண்ட நிலையிற் சுழற்றுவதாகும். அரை நிமிடம் பொறுத்தல் போதும். எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்றுமுன் ஒருமுறை உறுமவிட்டுச் சாவியைத் திருப்பும் பழக்கமும் இத்தகையதே. எண்ணெய் பம்பு நின்றபின்னும் தண்டு சுழன்றுகொண்டிருக்கும்.

நிறுத்தும் முறை பற்றி விரிவாகவே கூறல் வேண்டும். பயணிகள் நிறைந்த பஸ் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறி முடித்து உச்சியில் நிற்கின்றது எனக் கொள்வோம். சுழலியின் கூடு அனலாய்க் கொதிக்கின்றது. அவ்வேளை எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெயோட்டம் நின்றுவிடும். சுழலியின் வெப்பம் தண்டின் வழியே நடுவுடலுக்குப் பரவி, அங்கு தேங்கிய எண்ணெயைக் கருக்கி, கல்போன்ற காபனாக்கும். ஒருநாளில் எதுவும் தெரியாது. பல மாதங்களில் அக்காபன் பெயாரிங்கை அரித்து, வழியை அடைத்துவிடும். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்வரை எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபின் நிறுத்தினால் இது பெரிதும் தவிரும். நகருக்குள் மெல்ல ஓட்டிவந்து நிறுத்தும் வாகனத்துக்கு இக்காத்திருப்புத் தேவையில்லை. கடைசிக் கிலோமீற்றரே அவ்வேலையைச் செய்துவிடும். நடுவுடலைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் டர்போக்களில், குறிப்பாக எஞ்சின் நின்றபின்னும் மின்பம்பு நீரைச் சுழற்றும் புதிய கார்களில், ஆபத்துக் குறைவு. மறுபுறம், நிறுத்திய வாகனத்தை மணிக்கணக்கில் ஓடவிடுவதும் நன்றன்று. அமுக்கம் இல்லாத நிலையில் எண்ணெய் இரு கூடுகளினுள்ளும் கசியத் தொடங்கும்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் யாருடையவை என்பதே வினா. ஓட்டத்தின் எண்ணிக்கைக்கும் வசூலுக்கும் ஏற்பக் கூலி பெறும் சாரதிக்கு, பின்னால் வரும் பஸ் முந்திவிடுமுன் புறப்பட்டாக வேண்டிய நெருக்கடி உண்டு. உரிமையாளர் நிமிடங்களைக் கொடுக்கமாட்டார்; ஆனால் அவை செலவிடப்படவில்லை என்று குறைகூறுவார். பேணற் குறிப்புகளை எழுதுவோர் இதனைக் கவனிப்பதில்லை. “இரண்டு நிமிடம் பொறுக்கவும்” என்ற அறிவிப்பு, நேரத்தைத் தராமற் பொறுப்பை மட்டும் கைமாற்றுகின்றது. நேரசூசியில் அந்நிமிடங்கள் சேர்க்கப்பட்டாலன்றி எந்த அறிவுரையும் டர்போவைக் காக்காது.

காற்றின் பக்கத்தில் வடிகட்டியே காவலாள். அமுக்கியை நோக்கிச் செல்லும் குழாயில் ஒரு சிறு கிழிசல் இருப்பினும் அதனூடு நுழையும் தூசி அலுமினிய இதழ்களை மணற்றாள் போல் தேய்க்கும். ஒரு சிறு திருகாணி நுழைந்தால் இதழ் முறியும். அடைபட்ட வடிகட்டி வேறுவகைத் தீங்கு செய்யும். உறிஞ்சல் மிகுந்து, நடுவுடலின் எண்ணெயை அமுக்கியின் பக்கம் இழுத்துவிடும். இங்கே பரவலான ஒரு தப்பெண்ணத்தைச் சுட்டல் வேண்டும். டர்போவினுள் எண்ணெயைத் தடுக்கும் இறப்பர் ‘சீல்’ இருப்பதாகவும், அது ‘போய்விட்டதால்’ எண்ணெய் கசிவதாகவும் பலர் கூறுவர். உள்ளவை ஆடுதண்டு வளையங்களை ஒத்த சிறு உலோக வளையங்களே. எண்ணெயை உள்ளே நிறுத்துவதில், கூடுகளிலுள்ள வாயுவின் அமுக்கத்துக்கும், கீழ்நோக்கிய வடிகுழாய் தடையின்றி ஓடுவதற்கும் பெரும் பங்குண்டு. வடிகுழாய் நசிந்தாலோ, எஞ்சினின் அடிக்கூட்டில் தேய்ந்த வளையங்களினூடே வாயு நிறைந்து அமுக்கம் ஏறினாலோ, புத்தம்புதிய டர்போவும் எண்ணெய் கக்கும்.

நோய்க்குறிகளைப் பிரித்தறிதல் பணத்தைக் காக்கும். கரும்புகையும் வலுக்குறைவும் பெரும்பாலும் காற்றுப் போதாமையின் அடையாளம். டர்போவைக் கழற்றுமுன் இன்டர்கூலர் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் பார்த்தல் வேண்டும். சில நூறு ரூபாய்க் கிளிப்பு ஒன்றுக்காக முழு டர்போவும் மாற்றப்படுவதுண்டு. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சங்கொலி போன்ற புதிய ஊளை, சில்லு கூட்டில் உரசுவதையோ காற்று ஒழுகுவதையோ அறிவிக்கும். எஞ்சின் ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் சிறிது அசையும். மிதக்கும் பெயாரிங்குக்கு அது இயல்பு. சில்லு கூட்டைத் தொடுமளவு அசைந்தாலோ, முன்பின்னாக உணரத்தக்க அசைவு இருந்தாலோதான் கேடு.

டீசல் வாகன ஓட்டிகள் அறிந்திருக்கவேண்டிய அபாயம் ஒன்றுண்டு. டர்போவிலிருந்து மிகுதியாகக் கசியும் எண்ணெய் காற்றோடு எஞ்சினுள் சென்றால் எஞ்சின் அதனையே எரிபொருளாகக் கொண்டு தறிகெட்டு ஓடத் தொடங்கும். வெண்ணீலப் புகை சூழ, வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனெனில் அது டீசலில் ஓடவில்லை. கியர் மாற்றும் வாகனமாயின் பிரேக்கை இறுக அழுத்தி, மிக உயர்ந்த கியரில் இட்டு, கிளச்சை விட்டு எஞ்சினை மூச்சடக்க வேண்டும். அது இயலாவிடின் ஆட்களை விலக்கி, தாமும் விலகி நிற்பதே அறிவு. உறிஞ்சு குழாயின் வாயைக் கையாலோ துணியாலோ மூட முனைதல் கூடாது.

புதிய டர்போவைப் பூட்டுமிடத்து, எண்ணெய் செல்லும் குழாயைக் கழுவுவதோடு அமையாது மாற்றிவிடல் நன்று. உட்புறக் காபன் கழுவுவதால் எளிதிற் போகாது. எண்ணெயையும் வடிகட்டியையும் உடன் மாற்றல் வேண்டும். பழைய டர்போவின் உடைந்த துணுக்குகளும் எண்ணெயும் இன்டர்கூலரினுள் தங்கியிருக்கும். அதனைக் கழற்றித் துப்புரவு செய்யாவிடில் அவை எஞ்சினுள் செல்லும். எண்ணெய் வழிகளின் இணைப்புகளில் சிலிக்கன் பசை பூசும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். பிதுங்கிய பசைத் துண்டொன்று எண்ணெய்த் துளையை அடைக்கப் போதும். பூட்டியபின் எண்ணெய்த் துளையினுள் சுத்தமான எண்ணெயை ஊற்றிச் சில்லை விரலால் மெல்லச் சுழற்றி, எரிபொருளைத் துண்டித்த நிலையில் எண்ணெய் அமுக்கம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சிறிது சிறிதாகச் சுற்றுதல் முறை. அதன்பின் இயக்கி, சில நிமிடம் அக்சிலேற்றரைத் தொடாது ஓடவிட்டு, வடிகுழாயின் இணைப்பில் ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின்னரே வாகனத்தைத் தெருவுக்கு எடுத்தல் வேண்டும்.